லோக்காப்பில் தூங்கியவன்

அந்தத் தொடரின் ஒன்பதாவது பகுதி ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. மொத்தம் பத்துப் பகுதிகள். வாரத்துக்கு ஒன்றுதான் விடுவார்கள். அதனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு, சிம்பாங் அம்பாட்டில் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் வேனுக்காக நின்றபோது, நாங்கள் மூன்று பெண்களும் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. நேராகக் கொலைக்குப் போய்விட்டோம்.

ஆயர் குரோ பக்கம் இருக்கும் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் நான் பதினேழு வருடமாக வேலை செய்கிறேன். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்குக்குக் கீழே சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளை வைத்து, எங்கே ஈயம் சரியாக ஒட்டவில்லை, எங்கே கீறல் விழுந்திருக்கிறது என்று பார்த்து ஒதுக்குவது என் வேலை. நாள் முழுக்கக் குறை தேடுகிற கண் இது. வீட்டுக்கு வந்து தொலைக்காட்சி பார்த்தாலும் அப்படித்தான் பார்க்கும்.

என்னோடு வேனில் ஏறுகிற இருவரில் ஒருவர், பேக்கிங் பிரிவில் லீடராக இருக்கும் அக்கா. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. எதையும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். இன்னொருத்தி ஸ்டோர் பகுதியில் போன வருடம் சேர்ந்த இருபத்து நான்கு வயதுப் பெண். அந்தத் தொடருக்காகவே கைப்பேசியில் ஒரு புலனக் குழு வைத்திருந்தாள். முகம் தெரியாத ரசிகர்கள் அதில் விடிய விடிய ஊகம் எழுதிக்கொண்டிருப்பார்கள். பின் இருக்கையில் இரண்டு மலாய்ப் பெண்கள் வருவார்கள். ஏறியதும் தூங்கிவிடுவார்கள். எங்கள் சத்தம் அவர்களுக்குப் பழகிவிட்டது.

வேன் ஓட்டும் அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. நாங்கள் எல்லாரும் தோட்டத்தில் இருந்த காலத்தில் அவர் தோட்டத்து லோரி ஓட்டினார். தோட்டத்து வீடுகளைக் காலி செய்தபோது எங்களைப் போலவே அவரும் தாமானுக்கு வந்தார். தொடரை அவரும் ஒரு பகுதி விடாமல் பார்த்தார். அதில் ஒரு செம்பனைத் தோட்டம் வந்ததுதான் முதல் காரணம். அந்த லோரியை எப்படித் தப்பாக ஓட்டுகிறார்கள் என்று சொல்லிக்காட்டுவது இரண்டாவது காரணம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், உரக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் பிணமாகக் கிடக்கிறார். விசாரிக்க ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வருகிறார். கிராணியின் மனைவி, தோட்ட நிர்வாகி, செம்பனைக் குலை ஏற்றும் லோரி டிரைவரான ஓர் இளைஞன், இந்த மூன்று பேர் மீதும் மாறி மாறிச் சந்தேகம் போகிறது. ஒன்பதாவது பகுதியில் கொட்டகைச் சாவி அந்த லோரியின் கருவிப் பெட்டியில் கிடைக்கிறது. டிரைவரைப் பிடித்துக்கொண்டு போய் லோக்காப்பில் அடைக்கிறார்கள். கடைசிக் காட்சியில் அவன் அந்தச் சிமெண்டுத் தரையில் முழங்காலை மடக்கிப் படுத்துத் தூங்குகிறான். அவன் முகத்தை ரொம்ப நேரம் காட்டிவிட்டு முடித்துவிட்டார்கள்.

வேனில் ஏறியதும் அக்கா தன் தீர்ப்பைச் சொன்னார். அந்தப் பையன்தான். முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. கொலையும் செய்துவிட்டு எப்படிக் கவலையில்லாமல் தூங்குகிறான் பார் என்றார்.

ஸ்டோர்ப் பெண் வேறு கணக்கு வைத்திருந்தாள். கடைசிக்கு முந்தின பகுதியில் மாட்டுகிறவன் எந்தத் தொடரிலும் கொலைகாரனாக இருப்பதில்லை, அது எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும் என்பது இயக்குநருக்கும் தெரியும், ஆகவே இந்த முறை அவன்தான் கொலைகாரன் என்று நீட்டி விளக்கினாள். அண்ணன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்றார்.

“சும்மாவா புடிப்பாங்க? ஏதாச்சும் இல்லாம போலீஸ் வந்து கூட்டிக்கிட்டுப் போகுமா?”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு இன்டிகேட்டர் போட்டு நெடுஞ்சாலைக்குத் திருப்பினார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“அவன் செய்யல,” என்றேன். “எழுதி வச்சுக்குங்க. அடுத்த வாரம் பாப்போம்.”

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பின் இருக்கையில் ஒருத்தி கண் விழித்தாள். ஸ்டோர்ப் பெண் சிரித்துக்கொண்டே, அப்படியென்றால் தோற்பவர் அடுத்த சனிக்கிழமை வேனுக்கே காலைப் பசியாறல் கொண்டு வர வேண்டும் என்றாள். எல்லாரும் ஒத்துக்கொண்டோம். மூன்று பேர் ஒரு பக்கம், நான் மட்டும் ஒரு பக்கம்.

‘சும்மாவா புடிப்பாங்க’ என்ற அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. இருபத்தொரு வருடத்துக்கு முன்பு அதை நான் சாப்பாட்டுக் கடையில் கேட்டிருக்கிறேன், கோயில் வாசலில் கேட்டிருக்கிறேன், எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்ற இருவர் பேசிக்கொண்டதில் கேட்டிருக்கிறேன். அப்போது பிடிபட்டது என் தம்பி.

அவனுக்குப் பத்தொன்பது வயது. டவுனில் ஒரு வாகனப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் ஸ்டோரைத் திறந்தால், புதிதாக வந்த பேட்டரிகளும் ஒரு பெரிய சுருள் செம்புக் கம்பியும் இல்லை. பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி வைத்திருந்தவர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் முதலாளிக்குப் பல வருடப் பழக்கம். என் தம்பிதான் புதியவன், அதோடு தோட்டத்திலிருந்து வந்தவன். போலீசாரிடம் முதலாளி அவன் பெயரைச் சொன்னார். வேலை செய்துகொண்டிருந்தவனை, எண்ணெய்க் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான்கு நாள் உள்ளே இருந்தான். பிறகு ஒன்றும் இல்லை, போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. ஆனால் காணாமல் போன பொருளும் கிடைக்கவில்லை, எடுத்தவனும் கிடைக்கவில்லை. அதனால் எடுத்தவனுடைய இடம் காலியாகவே இருந்தது. அந்தக் காலி இடத்தில் ஊர் என் தம்பியை வைத்துக்கொண்டது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அந்த முதலாளி வாயால் ‘இவன் எடுக்கவில்லை’ என்று ஒரு வார்த்தை வரவேண்டும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்து பஸ் ஏறி டவுனுக்குப் போய், பட்டறை வாசலில் நிற்பேன். சத்தம் போடமாட்டேன். அவர் வெளியே வந்தால் கேட்பேன். “அவன் எடுத்தான்னு நான் சொல்லலியே, எடுக்கலன்னும் எப்படிச் சொல்றது?” என்பார். பதினோரு சனிக்கிழமை போனேன். கடைசியில் அம்மாதான் வேண்டாம் என்று அழுது நிறுத்தினார். தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மஸ்ஜித் தானா என்ற ஊரில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிற ஒருவரிடம் லோரி ஓட்டப் போனான். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். இப்போது இரண்டு பெண் பிள்ளைகள். அந்த நான்கு நாளைப் பற்றி அவன் என்னிடம் பேசியதே இல்லை, நானும் கேட்டதில்லை. யார் முன்னாலும் அந்தப் பேச்சு வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவனுக்கு நான் செய்கிற காவல் என்று நினைத்திருந்தேன்.

அன்று வேலையிலிருந்து வந்ததும் தொடரை முதல் பகுதியிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். என் மகளின் பழைய பள்ளி நோட்டு ஒன்றில் பாதிப் பக்கங்கள் மிச்சம் இருந்தன. அதை எடுத்துவைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்க, நான் நிறுத்தி நிறுத்தி எழுதினேன்.

எனக்குத் தேவையானது நான்காவது பகுதியில் கிடைத்தது. குலை ஏற்றிய லோரி எண்ணெய் ஆலைக்குப் போனால் அங்கே எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள். இன்ஸ்பெக்டர் மேசையில் கிடந்த அந்தச் சீட்டில் ஆறு மணி நாற்பது என்று நேரம் தெரிந்தது. இரண்டாவது பகுதியில் கிராணியின் மனைவி, ஆறரைக்கு அவர் டீ குடித்துவிட்டுத்தான் வெளியே போனார் என்று சொல்கிறார். தோட்டத்திலிருந்து ஆலைக்கு, பாரம் ஏற்றிய லோரி முக்கால் மணி நேரம் போகும். பத்து நிமிடத்தில் ஒருவன் ஓர் ஆளைக் கொன்று, தொட்டியில் போட்டு, லோரியையும் அங்கே கொண்டு போய் நிறுத்த முடியாது. நான் நோட்டை மூடினேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை வேனில் அதைப் படித்துக் காட்டினேன். அண்ணன் வேகத்தைக் குறைத்துக் கேட்டார். லோரி விஷயம் என்பதால் அவரால் மறுக்க முடியவில்லை. பாரத்தோடு முக்கால் மணி நேரம் என்பது சரிதான், மழை பெய்திருந்தால் இன்னும் கூடும் என்றார். ஆனாலும் பையன்தான் என்றார். சாவி எப்படிப் பெட்டிக்குள் வந்தது என்று கேட்டார். யாரோ போட்டிருக்கிறார்கள் என்றேன். யார் என்றார். நிர்வாகி என்றேன். நிர்வாகி எதற்குப் போட வேண்டும் என்றார். அதற்குச் செவ்வாய்க்கிழமை பதிலோடு வந்தேன்.

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனிலும் நாங்கள் நால்வர் மேசையில் இதே பேச்சு. அண்ணன் எங்களோடு சாப்பிட்டுவிட்டுத்தான் வேனுக்குப் போவார். ஸ்டோர்ப் பெண் என் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துத் தன் குழுவில் போட்டாள். பலர் எனக்குக் கைதட்டல் அனுப்பினார்கள். ஒருவர் மட்டும், தோட்டத்துப் பயல்களுக்கு இவ்வளவு வக்காலத்து ஏன், இவர் யார், அவன் அக்காவா என்று எழுதியிருந்தார். அவள் அதைச் சிரித்துக்கொண்டு எனக்கு வாசித்தாள். நான் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, ஆமாம், அக்கா என்றே வைத்துக்கொள் என்றேன். அவள் வேடிக்கை என்று நினைத்து அதையும் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி வந்தான். அலோர் காஜா பக்கம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது எங்கள் வீட்டில் காய் கொடுத்துவிட்டுப் போவது அவன் வழக்கம். அன்று ஒரு கட்டு கங்கோங் கீரையும் நீளமான கத்தரிக்காயும் கொண்டுவந்தான். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தான். சமையல்கட்டு மேசையில் நோட்டைப் பார்த்திருக்கிறான். என்னக்கா இது, கணக்கா என்று கேட்டான். தொடரைப் பற்றிச் சொன்னேன். பார்க்கிறேனே, பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் பார்க்கிறேன் என்றான்.

அவனும் இதைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. லோக்காப் காட்சி வந்தபோது அவன் என்ன செய்திருப்பான் என்று மனசு ஓடியது. பேச்சை மாற்றலாமா என்று நினைத்தேன். ஆனால் ஒரு வாரமாக வாதாடி வாதாடி வாய் நிற்கவில்லை. எடைச் சீட்டையும் பத்து நிமிடக் கணக்கையும் அவனுக்குச் சொன்னேன். அவன் செய்யவில்லை, நிர்வாகிதான் என்றேன்.

தம்பி கோப்பையைக் கீழே வைத்தான்.

“அவன்தான்க்கா செஞ்சான். பாத்தாலே தெரியலியா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீயுமா என்று கேட்டேன். ஊர்க்காரன் மாதிரி நீயும் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாயா என்றேன். அவன் தலையசைத்தான். முகத்தை இல்லை, தூங்குவதைப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்றான். குற்றமில்லாத மனசு, அதனால் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நான் நினைத்திருந்ததைச் சொன்னேன். அவன் தன் லோரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“செய்யாதவனுக்குத் தூக்கம் வராதுக்கா. எப்பக் கதவு தொறக்கும், எவன் வந்து ‘நீ இல்லடா, வீட்டுக்குப் போ’ன்னு சொல்லுவான்னு காதத் தீட்டிக்கிட்டே உக்காந்திருப்பான். ஷூ சத்தம் கேட்டாப் போதும், நமக்குத்தான்னு எந்திரிச்சு நிப்பான். செஞ்சவனுக்கு என்ன இருக்கு காத்துக்கிட்டு இருக்க? அவனுக்கு முடிஞ்சிருச்சு. அதான் தூங்குறான்.”

நான் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“நாலு நாளும் நான் படுக்கலக்கா,” என்றான். “செவுத்துல சாஞ்சிக்கிட்டே இருந்தேன்.”

இருபத்தொரு வருடத்தில் அவன் அதைச் சொன்னது அன்றுதான். அழவில்லை, குரல் மாறவில்லை. பெட்ரோல் விலையைச் சொல்கிற மாதிரிச் சொன்னான். வெளியே வந்த அன்று வீட்டுக்கு வந்து ஒரு பகல் ஓர் இரவு எழுந்திருக்காமல் தூங்கினானே, அது எனக்கு ஞாபகம் இருந்தது. களைப்பு என்று நினைத்திருந்தோம். ஏன் அவ்வளவு களைப்பு என்று யாரும் கேட்கவில்லை.

வேனில் அண்ணன் சொன்ன வார்த்தையை அவனிடம் சொன்னேன். அதைக் கேட்ட நாளிலிருந்து என்னால் சும்மா இருக்க முடியவில்லை, ஆனால் உன் கதையை எடுத்து அவர்கள் முன்னால் வைக்கவும் மனசு வரவில்லை என்றேன். அவன் சாதாரணமாகச் சிரித்தான்.

“சொல்லேன்க்கா. என் பொண்டாட்டிக்குத் தெரியும், என் மொதலாளி தவுக்கேகிட்ட வேலைக்குச் சேந்த அன்னிக்கே சொல்லிட்டேன். நீதான் பொத்திப் பொத்தி வச்சிருக்க.”

அவன் போன பிறகும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவனைப் பிடித்த நாள் முதல் அவனுக்காக நான் நிற்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். பட்டறை வாசலில் நின்றது உண்மை. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான். வெட்கப்பட வேண்டியது எதுவும் இல்லை என்று உலகத்துக்குச் சொல்ல விரும்பினவள், வெட்கப்பட வேண்டிய விஷயம் மாதிரியே அதை மறைத்து வைத்திருந்தேன். இது எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, சுங்கச்சாவடி தாண்டும் வரை மற்றவர்கள் கடைசிப் பகுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னிடம், இன்னும் நேரமிருக்கிறது, கட்சி மாறிக்கொள் என்றார். மாறமாட்டேன் என்றேன். தம்பி சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், எடைச் சீட்டு எடைச் சீட்டுத்தான். பிறகு முன்னால் சாய்ந்து அண்ணனுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

“அண்ணே, சும்மாவும் புடிப்பாங்க. என் தம்பியப் புடிச்சாங்க. நாலு நாள் வச்சிருந்து விட்டாங்க. அவன் எதையும் எடுக்கல.”

முழுதும் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பட்டறை, சாவி, பதினோரு சனிக்கிழமை, எல்லாம் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டோர்ப் பெண் கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள். குழுவில் ஒருவன் எழுதினானே, அதை உங்களிடம் வாசித்துக் காட்டினேனே என்று மெல்லிய குரலில் சொன்னாள். உனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்றேன். அண்ணன் ரேடியோவை அணைத்தார். தொழிற்சாலை வரும் வரை சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். எனக்கு அது வருத்தமாக இருந்தது. ஆனால் சொன்னதற்காக வருத்தப்படவில்லை.

அன்றைக்குக் கடைசிப் பகுதி வந்தது. அந்தப் பையன்தான் செய்திருந்தான்.

எடைச் சீட்டு உண்மைதான், லோரி ஆறு நாற்பதுக்கு ஆலையில் இருந்ததும் உண்மைதான். ஓட்டிப் போனது அவன் இல்லை. அவனுடைய கூட்டாளி ஒருவன் அவனுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓட்டிப் போயிருக்கிறான். லோரியையே பார்த்துக்கொண்டிருந்த நான் உள்ளே இருப்பது யார் என்று பார்க்கவில்லை. அவனுடைய அம்மாவைத் தோட்டத்து வீட்டிலிருந்து மழையில் வெளியேற்றினார் அந்தக் கிராணி, அதுதான் காரணம் என்று காட்டினார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் அவனிடம், எப்படி உனக்குத் தூக்கம் வந்தது என்று கேட்கவே இல்லை. எனக்கு மட்டும்தான் அந்தக் கேள்வியும் தெரியும், பதிலும் தெரியும்.

தோற்றவள் செய்ய வேண்டியதைச் செய்தேன். சனிக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து, தேங்காய்ப்பாலில் சோறு வடித்து, எல்லாருக்கும் நாசி லெமாக் கட்டினேன். பின் இருக்கைப் பெண்களுக்கும் சேர்த்து ஆறு பொட்டலம். சம்பல் கொஞ்சம் காரமாகிவிட்டது. வேனில் அதைக் கொடுக்கும்போது அக்கா, அவர் குணத்துக்கு மாறாக, ஜெயித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானே ஆரம்பித்தேன். உங்கள் மூவரோடு என் தம்பியும் சரியாகச் சொன்னான் என்று, தூக்கத்தைப் பற்றி அவன் சொன்னதைச் சொன்னேன். ஸ்டோர்ப் பெண்ணுக்கு மயிர்க்கூச்செறிந்தது. குழுவில் இத்தனை பேரில் ஒருத்தர்கூட இந்தக் காரணம் சொல்லவில்லை, அவர் வாயால் கேட்க வேண்டும் என்றாள்.

அந்த நேரத்துக்குத் தம்பி காய்கறிப் பாசாரில் லோடு இறக்கி முடித்திருப்பான். கூப்பிட்டேன். வேனில் எல்லாரும் இருக்கிறார்கள், ஸ்பீக்கரில் போடட்டுமா என்று கேட்டேன். போடு என்றான். அவனுக்குப் பின்னால் கூடைகள் இழுபடும் சத்தமும், யாரோ மலாயில் தக்காளி கேட்கும் சத்தமும் வந்தன. ஸ்டோர்ப் பெண், அங்கிள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள்.

“நான் நாலு நாள் உள்ள இருந்திருக்கேம்மா. அதனால தெரியும்,” என்றான் தம்பி.

அவ்வளவு எளிதாகச் சொன்னான். முகம் தெரியாத ஒரு பெண்ணிடம், இத்தனை பேர் கேட்க. நான் ஒரு வாரம் பக்கம் பக்கமாக எழுதி வாதாடியும் செய்ய முடியாததை அவன் ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டான். பிறகு படுக்காமல் இருந்ததை, ஷூ சத்தத்தை, எல்லாவற்றையும் அவளுக்கும் சொன்னான்.

அண்ணன் வேனை ஓரம் கட்டினார். பதினைந்து வருடமாக அவர் வேனில் வருகிறேன், வழியில் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை. திரும்பி உட்கார்ந்து, கைப்பேசி பக்கம் குனிந்தார்.

“தம்பி, வேன் ஓட்டுற அண்ணன் பேசுறேன். தோட்டத்துல லோரி ஓட்டுனேனே, ஞாபகம் இருக்கா?”

இருக்கு அண்ணே என்றான் தம்பி.

“உன்னப் புடிச்சப்பக் கடையில உக்காந்து நானும்தான் ‘சும்மாவா புடிப்பாங்க’ன்னு பேசுனேன். உங்க அக்கா அடுத்த மேசையில பொட்டலம் கட்ட நின்னுக்கிட்டு இருந்துச்சு. பாத்துக்கிட்டேதான் பேசுனேன். தப்பு தம்பி.”

எனக்கு அந்தக் கடை ஞாபகம் வந்தது. ஆனால் பேசியது இவர் என்று ஞாபகம் இல்லை. அன்று நான் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் அதை இத்தனை வருடம் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார், தினமும் காலையில் எனக்குக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்.

தம்பி தக்காளி கேட்டவருக்கு விலை சொல்லிவிட்டு வந்தான். பரவாயில்லண்ணே, சொன்னீங்கள்ள, போதும்லா என்றான். மஸ்ஜித் தானா பக்கம் வந்தால் பாசாருக்கு வாருங்கள், நல்ல கத்தரிக்காய் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.

அண்ணன் வேனை எடுத்தார். தொழிற்சாலைக்கு நாங்கள் எட்டு நிமிடம் தாமதம். பாதுகாவலர் ஏன் என்று கேட்டார். டயர் பார்க்க நிறுத்தினோம் என்று அக்கா ஒரே வார்த்தையில் முடித்தார்.

தொடரின் அந்த முடிவை நான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. தொப்பியை மட்டும் மாற்றிக்கொண்டால், ஆலையில் தினமும் பார்க்கிற எடைக்காரருக்கு ஆள் யார் என்று தெரியாதா? இதை ஸ்டோர்ப் பெண்ணின் குழுவில் என் பெயரிலேயே எழுதிப் போட்டிருக்கிறேன். யாரும் சரியான பதில் சொல்லவில்லை, நானும் விடவில்லை.

தம்பி வியாழக்கிழமைகளில் வருகிறான். இப்போது நான் கேட்கிறேன், அவன் சொல்கிறான். ஒரு தடவைக்கு அதிகம் சொல்லமாட்டான், தேநீர் முடிந்தால் எழுந்துவிடுவான். முதல் நாளையும் இரண்டாவது நாள் மத்தியானம் வரையும் சொல்லியிருக்கிறான். மத்தியானச் சோற்றில் ஒரு துண்டு மீன் இருந்ததாம், பக்கத்தில் இருந்தவர் தன்னுடையதையும் இவனுக்குக் கொடுத்தாராம். அவர் யார், எதற்காக உள்ளே வந்தார் என்று போன வாரம் கேட்டேன். அடுத்த தடவை சொல்கிறேன் என்றான். மிச்சம் இரண்டரை நாள் இருக்கிறது. எனக்கு அவசரம் இல்லை. ஆனால் கேட்காமல் விடப்போவதில்லை.